முதுகு காட்டிய மாமியார்

டூகலுக்கும் லோட்டிக்கும் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அரசாங்கத்துக்கு அது தெரியாது. 1938-ம் வருடம் அக்டோபர் மாதம் தெரிய வந்தபோது, அப்படியொரு கல்யாணம் நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டது.

வாரகூன் செம்மறிப் பண்ணையில் டூகலுக்குக் காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லோட்டி முதலாளி வீட்டில் துணி துவைத்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே, அப்போது எட்டு வயதான டூகலுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். பிறப்பால் அவன் பனகா பிரிவு, அவள் புருங்கு பிரிவு. பனகா ஆணுக்குப் புருங்குப் பெண்தான் முறை. அவளுக்கு வயது வந்ததும் அவளுடைய அப்பா ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிவந்து, டூகல் மூட்டியிருந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார். எல்லோரும் பார்த்தார்கள். கல்யாணம் முடிந்தது. பேசி முடித்த நாளுக்கும் அந்தச் சாயங்காலத்துக்கும் நடுவே டூகல் அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த கங்காரு இறைச்சிக்குக் கணக்கே இல்லை.

கான்ஸ்டபிள் பிரைஸ் மாதம் ஒரு தடவை தபால் லாரியில் வருவார். காவலர் அவர்தான். பூர்வகுடிகளின் பாதுகாவலரும் அவர்தான். பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவாளரும் அவர்தான். மூன்றுக்கும் ஒரே தொப்பி. எந்த ஆளாகப் பேசுகிறார் என்பதை அவர் பையிலிருந்து எடுக்கும் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்குப் பாதுகாவலர் காகிதம் வந்தது. கல்யாணமாகாத, இருபத்தொரு வயது நிரம்பாத பூர்வகுடிப் பெண்கள் எல்லோருக்கும் நகரத்தில் இருக்கும் ஆணையரே கார்டியன். அவர்களைத் தெற்கே உள்ள குடியிருப்புக்கு அனுப்பி வீட்டுவேலை பழக்குவதென்று முடிவாகியிருக்கிறது. டிசம்பரில் கப்பல். வாரகூனிலிருந்து ஒரே ஒரு பெயர். லோட்டி, வயது பத்தொன்பது.

"இவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு பாஸ்," என்றான் டூகல்.

"யாரோட?"

"என்னோட."

"எங்க பதிஞ்சீங்க?"

டூகல் ஆற்றங்கரைக் குடிசைகள் இருந்த பக்கம் கையைக் காட்டினான். பிரைஸ் எட்டிப் பார்த்தார். தகரமும் சாக்கும் தெரிந்தன.

பண்ணை முதலாளி பாஸ்கோ வராந்தாவில் நாற்காலியை விட்டு எழாமலே குரல் கொடுத்தார். "ரெண்டுக்கும் ஒரு காகிதத்தப் போட்டுக் குடுத்துருங்க பிரைஸ். துவைக்கிறவ போனா அவ பின்னாலயே காத்தாலைக்காரனும் போயிருவான். அப்புறம் என் ஆடெல்லாம் நாக்கு வறண்டு செத்துரும்."

அன்றைக்கு லோட்டிக்காக எடுத்துவைக்கப்பட்ட ஒரே வாதம் அதுதான். நல்ல வாதம் என்று பிரைஸுக்கும் பட்டது. பதிவாளர் காகிதத்தை எடுத்தார்.

புதுச் சட்டப்படி பூர்வகுடிகள் கல்யாணம் செய்துகொள்ள ஆணையரின் அனுமதி வேண்டும். ஆணையர் மறுக்கலாம். ஒட்டிக்கொள்ளும் நோய் இருந்தால் மறுக்கலாம், வயது வித்தியாசம் ரொம்ப இருந்தால் மறுக்கலாம். அந்தக் கல்யாணம் அவர்களுடைய குல வழக்கத்துக்கு விரோதமாக இருந்தாலும் மறுக்கலாம். கடைசியாகச் சொன்னது பூர்வகுடிகள் மேல் உள்ள அக்கறையினால் சேர்த்தது.

"நோய் ஏதும் உண்டா?"

"இல்ல பாஸ்."

"பொண்ணோட அப்பா பேரு?"

லோட்டியின் அண்ணன் ஹெக்டர் தரையைப் பார்த்தான். அவர்களுடைய அப்பா செத்து இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. செத்தவரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அவர் மேல் அத்தனை மரியாதை. பிரைஸ் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு 'தகப்பன் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

"அப்ப அம்மா சம்மதம் வேணும். பொண்ணு மைனரு. மாப்பிள்ளையையும் வச்சுக்கிட்டு நேர்ல சொல்லணும். அம்மா எங்க?"

அம்மா அங்கேதான் இருந்தாள். அறுபதடி தள்ளி, விறகுக் குவியலுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை அரசாங்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளாரா உட்கார்ந்திருந்தாள். அக்டோபர் வெயிலில் தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

மருமகன் இருக்கும் இடத்தில் மாமியார் முகம் காட்டக்கூடாது. அவனும் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, பெயரைச் சொல்லக்கூடாது. பகை ஒன்றும் இல்லை. பெண்ணைக் கொடுத்தவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை அங்கே கிடையாது. லோட்டியைப் பேசி முடித்த நாளிலிருந்து டூகல் கிளாராவைப் பார்த்ததில்லை. குடிசைப் பக்கம் வரும்போது தூரத்திலேயே இருமுவான். அவள் எழுந்து போய்விடுவாள். பத்தொன்பது வருடம் இருமி இருமி, அவனுக்குக் காசம் என்று பாஸ்கோ நினைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தாம்மா!" என்று பிரைஸ் கத்தினார். "இந்தப் பையனுக்கு உன் பொண்ணக் குடுக்க உனக்குச் சம்மதமா?"

கிளாரா கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். டூகல் மரியாதைக்குக் குறைவு வராமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

பிரைஸ் இரண்டு முதுகுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார். பெண்ணின் தாய் கடும் எதிர்ப்பு. மணமகன் அவளை ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சுகிறான்.

டூகலுக்கு எழுத்து தெரியும். மிஷன் பள்ளியில் மூன்று வருடம் படித்தவன். எழுதுவதைப் பார்த்துவிட்டு, "எதிர்ப்பு இல்ல பாஸ்," என்றான். "அவங்க எனக்கு மாமியார். மாமியாரும் மருமகனும் மூஞ்சி பாத்துக்கக் கூடாது."

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"பதிஞ்சாச்சா?"

"...இல்ல."

"பதியலேன்னா கல்யாணம் ஆகல. கல்யாணம் ஆகலேன்னா அவ உனக்கு மாமியார் இல்ல. மாமியார் இல்லேன்னா உன்னப் பாக்கிறதுக்கு அவளுக்கு என்ன?" பிரைஸ் பேனாவை மூடினார். "முதல்ல பாத்துச் சம்மதம் சொல்லச் சொல்லு. பதிஞ்சதுக்கப்புறம் சாகிற வரைக்கும் பாக்காம இருங்க. நான் ஏன்னு கேக்கப் போறேனா?"

அதில் ஒரு ஓட்டையும் இல்லை. டூகல் அன்றைக்கு முழுக்க ஒரு காற்றாலை உச்சியில் உட்கார்ந்து யோசித்தும் ஒன்று கிடைக்கவில்லை.

நவம்பர் லாரியில் பதில் வந்தது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு டூகல் படித்துச் சொன்னான். இந்த மணம் குல வழக்கத்துக்கு முரணானது என்று தெரிவதால் ஆணையர் அனுமதி மறுக்கிறார். டிசம்பரில் லாரி வரும்போது தாய் தன் எதிர்ப்பை நேரில் விலக்கிக்கொண்டால் பாதுகாவலர் அங்கேயே பதிவு செய்துவிடலாம். இல்லாவிட்டால் பெண்ணை அதே லாரியில் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"யார் வழக்கத்துக்கு?" என்று கேட்டான் ஹெக்டர்.

"நம்ம வழக்கத்துக்குத்தான்."

"அந்த ஆணையர் யாரு மச்சான்? பனகாவா? புருங்கா?"

"வெள்ளைக்காரரு."

"அது தெரியுது. என்ன முறைன்னு கேக்குறேன். முறையே இல்லாத ஆளு வந்து எனக்கு முறை சொல்றதா?"

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. தெற்கே போன பெண்களில் திரும்பி வந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

லோட்டி தன் அம்மாவின் நெருப்புக்குப் போய்விட்டு வந்தாள். "அம்மா சொல்லுது. தான் வந்து நிக்கிறேங்குது. கம்பளிய எடுத்துட்டு."

"வேணாம்," என்றான் டூகல்.

"ஏன்?"

"அவங்க மூஞ்சியக் காட்டிட்டா நான் அவங்களுக்கு யாரு? வழியில போறவன். அப்புறம் நீ எனக்கு யாரு?"

"நான் கப்பல்ல போயிட்டா மட்டும் யாரு?"

லோட்டி அவன் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

டூகலின் அம்மா டைனா அதுவரை எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள். "அந்தப் போலீஸ் கிளாராவ எங்கடா பாத்தாரு? கம்பளியத்தான பாத்தாரு. உள்ள இருந்தது யாருன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு?"

"வேற ஆள நிறுத்து."

"யார? அவங்க அக்கா தங்கச்சி எல்லாருமே எனக்கு மாமியார்தான். அவங்களும் முதுகத்தான் காட்டுவாங்க."

"நான் நிக்கிறேன். பெத்த பிள்ளையப் பாக்க எனக்கு என்னடா வெக்கம்?"

"நல்ல யோசனை," என்றான் ஹெக்டர். "லோட்டி உன் மகள்னு நீயே சொல்லப் போற. அப்ப மச்சான் தன் தங்கச்சியையே கட்டிக்கப் போறாரு. போன தடவை வழக்கத்துக்கு விரோதம்னு சும்மாதான் சொன்னாங்க. இந்தத் தடவை நிசமாவே ஆக்கிருவோம்."

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அது விளையாட்டுக்குச் சொல்லும் பேச்சில்லை. அண்ணன் தங்கை முறையில் சேர்ந்தவர்களைத் தொடையில் ஈட்டி பாய்ச்சித் துரத்திய கதைகள் அந்த ஆற்றில் உண்டு. லோட்டி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"காகிதத்துலதான்டி," என்றாள் டைனா. "காகிதத்துக்கு என்ன தெரியும்?"

"என் வாயாலல்ல சொல்லணும், அத்தை."

"கப்பல்ல ஏறின பிறகு வாயால என்ன சொன்னாலும் எவனுக்குக் கேக்கும்?"

வேறு வழி ஒருவருக்கும் தோன்றவில்லை.

டிசம்பரில் லாரி வந்தபோது டிரைவர் எஞ்சினை நிறுத்தவில்லை. துறைமுகத்துக்கு இரண்டு நாள் ஓட்ட வேண்டும், கப்பல் காத்திராது. லோட்டியின் சாமான்களை ஒரு மாவுச் சாக்கில் கட்டிவைக்கும்படி பாஸ்கோவின் மனைவி சொல்லியிருந்தாள். சாக்கு வராந்தாப் படியில் இருந்தது.

டைனா தலைவாரி, பாஸ்கோவின் மனைவி கழித்துக்கட்டிய பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். பிரைஸைப் பார்த்ததும் நேரே டூகலிடம் போய் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். சட்டைக் காலரைச் சரி செய்தாள். தலையிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்து ஊதினாள். "என் ராசா! இவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பேன் பாஸ்? மூஞ்சியப் பாருங்க. தங்கம்!"

"போதும்மா," என்று டூகல் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"அம்மான்னு வேற கூப்பிடுறானே!" என்று பிரைஸ் மகிழ்ந்துபோனார். "போன தடவை என்ன அவ்வளவு கோவம் உனக்கு?"

"அன்னைக்குப் பல்லுவலி பாஸ்."

பிரைஸ் எழுதினார். எதிர்ப்பு விலகியது. தாய்க்கும் மணமகனுக்கும் நல்ல பாசம் காணப்படுகிறது. டைனாவின் கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தார். பிறகு லோட்டியிடம் திரும்பினார்.

"நீ சொல்லு. இது உன்னைப் பெத்த அம்மாதான?"

லோட்டிக்குப் பக்கத்தில் கணவன் நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் ஊரே நின்றுகொண்டிருந்தது. லாரி டிரைவர் ஹாரனை அடித்தான்.

"ஏம்மா? கேள்வி புரியலையா?"

ஹெக்டர் எழுந்து காதில் விழாத தூரத்துக்குப் போய்விட்டான். லோட்டி படியிலிருந்த சாக்கைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

டூகல் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்திக்கொண்டால் பிரைஸ் ஏன் என்று கேட்பார். காலடியில் ஓர் எறும்பு எதையோ இழுத்துக்கொண்டு போனது. அது போய் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுது. இனிப் பதிவேடு." பிரைஸ் பெரிய புத்தகத்தைத் திறந்தார். "மாப்பிள்ளை அப்பா பேரு?"

"சோலி, பாஸ். பக்கத்துப் பண்ணையில ஆட்டு வேலை."

"அம்மா பேரு?"

இந்தக் கேள்வி வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. டூகல் தன் அம்மாவைப் பார்த்தான். அவள் விரலில் இன்னும் மை காயவில்லை.

டைனா ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு மை விரலை நீட்டி விறகுக் குவியலைக் காட்டினாள். "அதோ இருக்காளே. கிளாரா. அவதான் இவனைப் பெத்தவ."

கிளாரா அங்கே வந்திருந்தாள். மகளை லாரியில் ஏற்றினால் கடைசியாக அவள் குரலையாவது கேட்கலாம் என்று வந்திருந்தாள். அதே கம்பளி, அதே முதுகு.

டூகலுக்கு மூச்சு வந்தது. அவன் கிளாராவின் மகன், லோட்டி டைனாவின் மகள். தலைகீழாக இருந்தாலும் முறை முறைதான். அண்ணன் தங்கை என்ற பேச்சு அடிபட்டுப்போயிற்று. நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பிரைஸ் நெற்றியைச் சுருக்கினார். "இதென்ன, இன்னொரு கம்பளி? போன தடவை பொண்ணோட அம்மா. இந்தத் தடவை மாப்பிள்ளையோட அம்மாவா? உங்க கூட்டத்துல கல்யாணம்னா ஒரு பொம்பளை மூடிக்கிட்டு உக்காந்தே ஆகணுமோ?"

"ஆமா பாஸ்," என்றாள் டைனா. அன்றைக்குப் பிரைஸிடம் அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பேனா புத்தகத்துக்கு மேலே நின்றது. பிரைஸ் நல்ல மனிதர். எங்கோ தெற்கே ஒரு சிறு ஊரில் அவருக்கு ஒரு அம்மா இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடிதம் எழுதுவார்.

"தம்பி," என்றார். "பெத்தவ அங்க முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நீ இங்க மாமியாரைக் கொஞ்சிக்கிட்டு நிக்கிற. நல்லா இருக்கா இது? போ. போய் அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா. ஒரு தாய் மனசு நோக நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"அவங்க வர மாட்டாங்க பாஸ்."

"நீ போய்க் கூப்பிட்டியா?"

"வெக்கப்படுவாங்க."

"மகனைப் பாக்க என்ன வெக்கம்? போறியா, புத்தகத்த மூடவா?"

மறுபடியும் ஹாரன் அடித்தது. பிரைஸ் புத்தகத்தின் அட்டையைத் தொட்டார்.

டூகல் நடந்தான்.

அறுபதடி. அவன் வாழ்க்கையில் ஒருபோதும் அந்தத் திசையில் நடந்ததில்லை. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டான். ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸைத் தேய்த்துக் கல்லை உருட்டினான். இருமினான். இரண்டடி வைத்து நின்றான். மறுபடியும் இருமினான். இருபதடி போனதும் முன்னால் கம்பளி உரசும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கிறாள். அவன் நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். அவள் ஆற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். அவளுக்கு முழங்கால் சரியில்லை, ஓட முடியாது. அவன் மற்ற பூட்ஸையும் அவிழ்த்துக் கட்டினான்.

வாரகூன் முழுதும், அடுப்படியில் இருந்தவர்கள் உட்பட, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

முப்பதாவது அடியில் கட்டை ஒன்று உருண்டது. யாரோ தடுமாறும் சத்தம். துணி விழும் சத்தம். கம்பளி நழுவியிருக்க வேண்டும். டூகல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அப்படியே நின்றான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கம்பளியை அவள் பொறுக்கி எடுப்பதும், காலை இழுத்து இழுத்துப் போவதும், கடைசியில் ஆற்றுக் கூழாங்கல் மேல் அடி விழுவதும் கேட்டன. அதுவும் ஓய்ந்தது. அப்போதும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

வராந்தாவிலிருந்து பார்த்த பிரைஸுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. தாய் மகனை உதறிவிட்டுப் போகிறாள். மகன் நடு வெயிலில் நின்று அழுகிறான்.

"சரி, விடு. வா," என்று கூப்பிட்டார். குரல் இளகியிருந்தது. "கோவம் ஆற நாளாகும். வா தம்பி."

கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். இருவரையும் புருஷன் பெண்டாட்டி என்று அறிவித்தார். லாரியில் ஏறும்போது டூகலின் தோளைத் தட்டினார். "பெத்தவளை விட்டுறாத. அவ போன பிறகு நினைச்சு அழுது பிரயோசனமில்ல. மாமியார்கிட்ட அளவா வச்சுக்க."

"சரி பாஸ்."

லாரி போனது. மாவுச் சாக்கு படியிலேயே இருந்தது. லோட்டி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குடிசைக்கு நடந்தாள். பாஸ்கோ துவைக்கிற துணி கிடக்கிறது என்று நினைவூட்டினார்.

சட்டப்படி எல்லாம் முடிந்துவிட்டது. டூகலுக்கு முடியவில்லை. மாமியாரை நோக்கி ஒருவன் முப்பதடி நடந்திருக்கிறான். யார் சொல்லி நடந்தான் என்பது கேள்வியில்லை. அவள் இனி அவனை வேண்டாம் என்று சொல்லலாம், மகளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு முத்திரையும் அதைத் தடுக்காது. மறுநாள் அவன் விடியும் முன்னே போய் ஒரு கங்காருவை அடித்துக்கொண்டு வந்தான். வாலையும் பின்னந்தொடையையும் நன்றாகச் சுட்டு, இலையில் சுற்றி, ஹெக்டரிடம் கொடுத்தான்.

"என்ன சொல்லணும் மச்சான்?"

"ஒண்ணும் சொல்லாத. குடு."

ஹெக்டர் ஆற்றைத் தாண்டித் தன் அம்மாவிடம் போனான். டூகலும் லோட்டியும் காத்திருந்தார்கள். லோட்டி இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நிழல் நீண்ட பிறகு ஹெக்டர் வந்தான். கையில் இறைச்சி இல்லை.

"வழியில நீயே தின்னுட்டியா?" என்றாள் லோட்டி.

"வாங்க மாட்டேன்னுதான் சொல்லுச்சு. இலையப் பக்கத்துல வச்சிட்டு நானும் உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு எடுத்துச்சு. வால்ல பாதியை எனக்குக் குடுத்துச்சு."

"ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான் டூகல்.

"மெதுவாத்தான் வந்தான்னு சொல்லுச்சு."

டூகல் தலையாட்டினான். லோட்டி டீக்குத் தண்ணீரை நெருப்பில் வைத்தாள்.